வியாழனில் ஒன்றேகால் விநாடி

“ஹலோ... ஆமா, தோமோயேதான் பேசறேன்... சொல்லுங்க ஒரிஹாரா-சான். காலையில ஆறு மணியிலிருந்து உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்... இல்ல, இல்ல, தொந்தரவே இல்ல... மழையா? இங்க இல்ல... ஆமா, புயல் கியூஷூ பக்கம் திரும்பிடுச்சு... ஆமா, ஆமா, குளிர ஆரம்பிச்சிடுச்சு... நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்கோம்... ஒரிஹாரா-சான், வீடியோ இருக்கா?”

கேட்டுவிட்டு இகுச்சி தோமோயே போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜப்பானில் உவாஜிமா என்ற ஊரின் கடைத்தெருவில் லாண்டரி வைத்திருப்பவள், ஐம்பத்திரண்டு வயது. பகலெல்லாம் ஊரார் சட்டைகளின் காலர் அழுக்கோடு மல்லுக்கட்டுவாள். விடிகாலையில் கடையின் மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, அதில் கேமராவை மாட்டி, வியாழனை வீடியோ எடுப்பாள். இன்று விடிகாலை ஐந்து பதினொன்றுக்கு, அந்தப் பெரிய கிரகத்தின் தெற்கு ஓரத்தில் ஒரு புள்ளி வெள்ளையாக எரிந்து அணைந்தது. ஒன்றேகால் விநாடி. எங்கிருந்தோ வந்த பாறை ஒன்று அங்கே விழுந்திருக்கிறது, அதை அவள் பார்த்துவிட்டாள்.

பார்த்தால் மட்டும் போதாது. ஒரே ஒரு கேமராவில் தெரிந்த வெளிச்சத்தை யாரும் நம்ப மாட்டார்கள். பூச்சி என்பார்கள், விமானம் என்பார்கள், கேமராவில் கோளாறு என்பார்கள். வேறு ஊரில், வேறு ஆளின் கேமராவிலும் அதே விநாடியில் அதே இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். இன்று மற்ற ஊர்களெல்லாம் புயல் மேகத்துக்குக் கீழே கிடந்தன. வானம் திறந்திருந்த இன்னொரு இடம், அவள் வசிக்கும் அதே தீவின் மறுகோடியில் முரோதோ. அங்கேதான் ஒரிஹாரா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மழையில்லாத ஒரு விடியலைக்கூட விடாத மனுஷர்.

“இருக்கா... அப்பாடா... மூணு காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா? நீங்க தெய்வம், ஒரிஹாரா-சான்... சரி, பாத்தீங்களா?... ஒவ்வொரு படமாவா? பதினாறாயிரத்தையுமா?... ம்... ம்... என்ன?... ஒண்ணுமே இல்லையா?... திரும்பப் பாத்தீங்களா?... மூணு தடவை.”

இதே மனிதர், இதே ‘ஒண்ணும் இல்லை’. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூன் மாதத்தில் அவள் இதுபோல் ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னாள். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, கடை வாசலில் டெலஸ்கோப்போடு நிற்க வைத்துப் படம் பிடித்துப் போட்டார். அடுத்த வாரமே, கிரகம் பார்ப்பவர்கள் சங்கத்தின் பதிவாளர் தொமிசாவா கேட்டதற்கு, ஒரிஹாரா ஒரு வரி எழுதினார்: அதே நிமிஷத்தில் நானும் எடுத்தேன், வெளிச்சம் இல்லை. அதோடு முடிந்தது. தோமோயேவின் வெளிச்சம் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்கப்பட்டது. சட்டை வாங்க வருகிறவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

“இல்ல, கோவப்படல... கோவப்படலன்னு சொல்றேனே. உங்க கேமராவுல தெரியாம இருக்கவே முடியாது, அவ்வளவுதான் சொல்றேன். கண்ணு கூசிச்சு எனக்கு... தெற்குப் பட்டைக்குக் கொஞ்சம் கீழ பாருங்க. சிவப்புப் பொட்டு அப்பதான் ஓரத்துல போய் மறைஞ்சுது. அதுக்கு இந்தப் பக்கம்... பொட்டு இல்லையா? பொட்டு எப்படி இல்லாம போகும்?... என்ன வளையம்? எங்க வந்துச்சு வளையம்?... ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், லைன்ல இருங்க. வாங்கம்மா, வாங்க... நீலக் கோட்டுதானே, ரெடியா இருக்கு... கறை போயிடுச்சு, ஆனா காலர்கிட்ட லேசா ஒரு நிழல் மாதிரி இருக்கும், சோயா சாஸ் பாருங்க, அதுக்கு மேல தேய்ச்சா துணி போயிடும்... ரொம்ப நன்றிம்மா, பாத்துப் போங்க... ஒரிஹாரா-சான், வளையம்னா சொன்னீங்க?... சனியையா நீங்க இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருந்தீங்க?”

வாடிக்கையாளரோடு பேசும்போது தேனாக இருந்த குரல், போனுக்குத் திரும்பியதும் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

“சனியை யாரு கேட்டா?... நானா? நான் கேட்டேனா?... சரி, என் மெயிலை எடுங்க. எடுத்து வாய்விட்டுப் படிங்க... ம்... ‘பதினாறாம் தேதி, இருபது பதினொண்ணு’... ம்... ‘ஒரு வெளிச்சம். தயவுசெஞ்சு வீடியோவை அழிக்காதீங்க’... ஆமா, அதைத்தான் எழுதினேன்... ஆமா... ஆமா, கிரகத்தோட பேரைப் போடல. அவசரத்துல விட்டுப்போச்சு. ஆனா நேரம் போட்டேனே... அது உலக நேரம், ஒரிஹாரா-சான். ராத்திரி எட்டு பதினொண்ணு இல்ல. உலக நேரம்.”

வானம் பார்ப்பவர்களுக்கு ஊர் நேரம் கிடையாது. எந்த நாட்டில் இருந்தாலும் லண்டன் கணக்கில்தான் எழுதுவார்கள். அப்போதுதான் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் ஒப்பிட முடியும். ஜப்பான் அதற்கு ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பதினாறாம் தேதி இருபது பதினொன்று என்றால், இங்கே பதினேழு விடிகாலை ஐந்து பதினொன்று. சங்கத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். நாற்பது வருஷம் கொடி காட்டி ரயில் அனுப்பிய ஒரிஹாரா மட்டும் ஜப்பான் நேரத்தை விட்டு இறங்கியதில்லை. அவருடைய பதினாறாம் தேதி இரவு எட்டு பதினொன்றுக்கு அவர் சனியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“தெரியும், லண்டன் நேரத்துல ரயில் ஓடாதுதான்... ஆனா வியாழன்ல நீங்க ஸ்டேஷன் நடத்தலையே... சரி, சரி. என் தப்பு. வியாழன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கணும். என் தப்புன்னு சொல்லிட்டேனே, அப்புறம் எதுக்கு நீங்க மன்னிப்புக் கேக்கறீங்க?... விடுங்க. முதல்ல அந்தச் சனியை மூடுங்க... மூடிட்டீங்களா? இன்னிக்கு விடிகாலை வியாழன் எடுத்தீங்களா?... எடுத்தீங்க. எத்தனை மணியிலிருந்து?... நாலே முக்கால்... அஞ்சரை வரைக்கும். அதுதான். அதுதான் எனக்கு வேணும். திறங்க அதை... ஒரிஹாரா-சான்?... ஹலோ... இருக்கீங்களா?... என்ன சொன்னீங்க, சரியாக் கேக்கல.”

கடைக்குள் துணி உலர்த்தும் இயந்திரம் கடகடவென உருண்டுகொண்டிருந்தது. தோமோயே போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அழிச்சிட்டீங்களா... எப்ப?... ஏழு மணிக்கு. என் மெயில் ஆறு மணிக்கே வந்துடுச்சே... ஆமா, சனின்னு நினைச்சீங்க. புரியுது... டிஸ்க்குல இடம் இல்ல, புரியுது... சரி, பதறாதீங்க. நீங்க பதறினா எனக்கும் பதறும். அழிச்சதை மீட்டு எடுத்துக் குடுக்க ஆளுங்க இருக்காங்க. டிஸ்க்குல அதுக்கு மேல வேற எதையும் எழுதாம இருந்தா போதும், அப்படியே வந்துடும். அழிச்ச பிறகு அதுல எதையும் சேமிக்கலதானே?... மூணு காப்பி... அந்த மூணையும் அதே டிஸ்க்குலயா போட்டீங்க?... முழுசா நிரம்பிடுச்சா?... ம்... ம்.”

மலையடி விடுதியிலிருந்து வந்து மடித்துக் கிடந்த படுக்கை விரிப்புகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அதில் உட்கார்ந்தால் திரும்ப இஸ்திரி போட வேண்டும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்தாள். அழிக்காதீர்கள் என்று இவள் கெஞ்சினாள். அந்த நல்ல மனுஷர் அதை மதித்து, ஒன்றுக்கு மூன்றாகக் காப்பி எடுத்தார். அந்தச் சனிகள் மூன்றும் வியாழனின் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டன. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாவது கிடைத்திருக்கும்.

“இல்ல, அழல... தும்மல், சோப்புத் தூள்... என்ன படம்?... இல்ல ஒரிஹாரா-சான், அடுக்கின படத்தை வச்சு நான் என்ன பண்றது?... அழகா வந்திருக்கும், எனக்குத் தெரியும், உங்க படம் எப்பவும் அழகாத்தான் வரும். அதுல இது தெரியாது... ஏன்னா? ரெண்டு நிமிஷ வீடியோவுல பத்தாயிரம் படம். அதுல நல்லா இருக்கற மூவாயிரத்தைக் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, ஒரே படமாக்கிக் குடுக்குது. ஒண்ணேகால் விநாடின்னா நூறே நூறு படம். அதுலயும் எத்தனையைப் பொறுக்குச்சோ. கரைஞ்சு காணாம போயிடும், ஒரு அண்டா மிசோ சூப்புல ஒரு கல் உப்பைப் போட்ட மாதிரி. அடுக்கின படத்தை மட்டும் பாத்துட்டு வெளிச்சம் இல்லன்னு ஒருத்தர் சொன்னா, அதுக்கு அர்த்தமே...”

தோமோயே பாதியில் நிறுத்தினாள். அவள் எழுந்து போய் உலர்த்தும் இயந்திரத்தை அணைத்தாள். இனிமேல் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் சரியாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

“ஒரிஹாரா-சான், ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்பவும் இப்படித்தானா?... இப்படித்தான்னா, அடுக்கி முடிச்ச உடனே வீடியோவை அழிச்சிடுவீங்களா?... அன்னன்னிக்கே... ஒரு நாள்கூட வச்சுக்க மாட்டீங்க... எத்தனை வருஷமா?... இந்தக் கேமரா வாங்கினதிலிருந்து. எப்ப வாங்கினீங்க?... ஆறு வருஷம்.”

“அப்ப ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஜூன்ல... ஆமா, என்னோடதைத்தான் சொல்றேன். தொமிசாவா உங்ககிட்ட எப்ப கேட்டாரு? எனக்கு வெளிச்சம் தெரிஞ்ச அன்னிக்கே கேட்டாரா?... நாலு நாள் கழிச்சு. நாலு நாள் கழிச்சு உங்ககிட்ட வீடியோ இருந்துச்சா?... கம்ப்யூட்டர் பழசுங்கறது எனக்குத் தெரியும், நான் அதைக் கேக்கல... பென்ஷனையும் கேக்கல... இருந்துச்சா, இல்லையா?”

பதில் வருவதற்குள் கதவு மணி அடித்து, மீன் சந்தைக்காரர் ஒருவர் சட்டை மூட்டையோடு உள்ளே வந்தார். வந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இன்று வியாழனில் எதுவும் வெடித்ததா?

“வாங்க, வாங்க... ஆமாங்க, வெடிச்சுது... இல்ல, நிஜமாத்தான், இன்னிக்குக் காலையில அஞ்சு பதினொண்ணுக்கு... சிரிங்க, பரவாயில்ல... எட்டு சட்டை. நாளைக்கு நாலு மணிக்கு மேல வாங்க... நன்றி. பாத்துப் போங்க... இருக்கீங்களா ஒரிஹாரா-சான்?... கேட்டீங்களா?... ஆமா, தினமும்தான். ரெண்டு வருஷமா தினமும்... சரி, சொல்லுங்க... இல்ல. வீடியோ இல்ல... அடுக்கின படத்தைப் பாத்தீங்க. அதுல ஒண்ணும் தெரியல. அதனால இல்லன்னு எழுதிட்டீங்க... அழிச்சிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு... ம்... ம்.”

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. காலையிலிருந்து சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தித் தீர்த்துவிட்டதால், பெரிய விஷயம் வந்தபோது குரலில் எதுவும் மிச்சமில்லை. மேஜையிலிருந்த டோக்கன் சீட்டுகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினாள். கோபம் விரல்களில்தான் இருந்தது, சீட்டுகள் கசங்கின.

“என்ன?... இன்னொரு தடவை சொல்லுங்க... நீங்க பாத்ததா எழுதறீங்களா? இன்னிக்கு? வீடியோ போயிடுச்சு, ஆனா திரையில கண்ணால பாத்தேன்னு... அதே இடத்துல, அதே விநாடியில...”

எழுதினால் நம்புவார்கள். முரோதோ ஒரிஹாரா ஒரு வரி எழுதினால் சங்கத்தில் அதற்கு மறுபேச்சு இல்லை. மாலைக்குள் தோமோயேவின் பெயர் பதிவேட்டில் ஏறும், வெளிநாடுகளுக்குத் தகவல் போகும், பத்திரிகைக்காரர் மறுபடி வந்து வாசலில் நிற்பார், மீன் சந்தைக்காரர் வாயை மூடிக்கொள்வார். அவள் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. நன்றாகவே சாய்ந்தது.

“அஞ்சு பதினொண்ணுக்கு நீங்க எங்க இருந்தீங்க ஒரிஹாரா-சான்?... இல்ல, சொல்லுங்க. நிஜமா எங்க இருந்தீங்க?... காபி போட உள்ள போயிருந்தீங்க. அப்ப பாக்கல... வேணாம்... வேணாம்னு சொல்றேனே. நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும், ஆனா வேணாம். அன்னிக்குப் பாக்காம இல்லன்னீங்க. இன்னிக்குப் பாக்காம இருக்குன்னா அது மட்டும் என்னவாம்?... நான் தனியாவே அனுப்பறேன். ஒத்தைக் கேமரா, ஒத்தை ஆளு. நம்பறவங்க நம்பட்டும்.”

சொல்லி முடித்ததும் இன்னொன்று மெல்லத் தலையைத் தூக்கியது. ஆறு வருஷம் என்றாரே.

“ஒரிஹாரா-சான், தொமிசாவா உங்ககிட்ட என்னோடதை மட்டுமா கேட்டாரு?... மத்தவங்களோடது?... ஞாபகம் இல்லன்னு சொல்லாதீங்க. வந்த ரயில் போன ரயில் எல்லாத்தையும் எழுதி வச்ச ஆளு நீங்க. நோட்டு இருக்கும்... அலமாரியிலயா? போய் எடுத்துட்டு வாங்க... வைக்க மாட்டேன். இருக்கேன்.”

இருந்தாள். எதிர்ப்பக்கம் செருப்பில்லாத கால்கள் பாய் விரித்த அறையைக் கடந்து போவதும், இழுப்புக் கதவு நகர்வதும் கேட்டன. திரும்பி வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

“ம், சொல்லுங்க... ஏழா? ஏழு பேரு... ஏழுக்கும் இல்லன்னுதான் எழுதினீங்களா?... பேரைப் படிங்க... ம்... ம்... தெரியாது எனக்கு... ம்... அது நான்... ம்... யாரு?... திரும்பப் படிங்க... ஹிதாகாவா? குமாமோதோவுல பஸ் ஓட்டினாரே, அந்த ஹிதாகா-சானா?... நாலு வருஷம் முன்னால... கேமரா இல்லாத மனுஷன். ஆமா, கண்ணால பாக்கறவர்... அவரு பாத்தேன்னாரு, நீங்க இல்லன்னீங்க.”

தோமோயே நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அதற்கு மேலேதான் மொட்டைமாடி.

“உங்களுக்குத் தெரியுமா ஒரிஹாரா-சான், அவர் டெலஸ்கோப்பை வித்துட்டாரு... ஆமா, அதுக்கப்புறம்தான். வாங்கினது யாருன்னு நினைக்கறீங்க?... நான்தான். கப்பல் ஏறிப் போய் எடுத்துட்டு வந்தேன். சும்மா குடுக்கற மாதிரி குடுத்தாரு. ஏன் விக்கறீங்கன்னு கேட்டேன். இல்லாத வெளிச்சம் எல்லாம் என் கண்ணுக்குத் தெரியுது, இனிமே இது எனக்கு எதுக்குன்னாரு... இருங்க, நான் இன்னும் முடிக்கல. கண் டாக்டர்கிட்ட போயிருக்காரு. டாக்டர் நல்லாத்தான் இருக்குன்னிருக்காரு. இவருக்கு மனசு கேக்கல. நாளைக்கு ரோட்டுல நடுவுல இல்லாதது எதுவாவது தெரிஞ்சு நான் பிரேக் போட்டா, பின்னால நாப்பது பேரு உட்கார்ந்திருக்காங்கன்னாரு. பஸ் ஓட்டறதையே விட்டுட்டாரு. இப்ப டிப்போவுல டிக்கெட் கவுன்டர்ல உட்கார்ந்திருக்காரு... ஆமா... ஆமா, ஒரே ஒரு வரிதான் எழுதினீங்க.”

எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அவளுக்கு இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது, எரிச்சல்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“என்கிட்ட அழாதீங்க ஒரிஹாரா-சான், என்னால முடியல... எழுதப் போறீங்களா? யாருக்கு?... இல்ல, தொமிசாவாவுக்கு அப்புறம். முதல்ல ஹிதாகா-சானுக்கு... கடுதாசி வேணாம். நீங்க கடுதாசி எழுதினா இலையுதிர்காலக் குளிர்ல ஆரம்பிப்பீங்க, உடம்பை விசாரிப்பீங்க, வீட்டுல எல்லாரையும் விசாரிப்பீங்க, விஷயத்துக்கு வரதுக்குள்ள காகிதம் முடிஞ்சுடும். போன் பண்ணுங்க. இப்பவே... ராத்திரி வேணாம், ராத்திரி ஆனா மனசு மாறிடும். இது அவருக்குச் சாப்பாட்டு நேரம், ஒரு மணிக்குக் கவுன்டர் திறந்துடும்... என்ன சொல்றதா? உங்க கண்ணு நல்ல கண்ணுன்னு சொல்லாதீங்க, அது உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நீங்க பாத்தது நிஜம்னும் சொல்லாதீங்க. ‘நான் பாக்காமலே இல்லன்னு எழுதிட்டேன்’. அது போதும்... அதுக்கப்புறம் அவரு என்ன சொன்னாலும் கேட்டுக்குங்க... மன்னிப்பு எல்லாம் அதுக்கப்புறம்.”

“என்னோடதா?... என்னோடது கடைசியா வரட்டும். எனக்குக் கேமரா இருக்கு, வீடியோ இருக்கு, வாய் இருக்கு. அவருக்கு ஒண்ணும் இல்ல... நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க... பென்சிலா? தேடுங்க... எழுதிட்டீங்களா?... திரும்பப் படிங்க... கடைசி நம்பர் ஏழு இல்ல, ஒண்ணு... ம், இப்ப சரி... பயமா இருக்கா? இருக்கட்டும். பயந்துக்கிட்டே போடுங்க... இல்ல, என்கிட்ட இன்னும் பேச வேணாம். மணி பன்னெண்டு அம்பத்திரண்டு... ஜப்பான் நேரம்தான், ஒரிஹாரா-சான், ஜப்பான் நேரம்... நான் வைக்கறேன். நான் வச்சாதான் உங்க லைன் காலியாகும்.”

வைத்துவிட்டாள்.